மெல்லிய கோடுகளுக்கும் சுருக்கங்களுக்கும் எதைப் பூசலாம்? தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. முகத்தைக் கழுவி, எதுவும் பூசாமல் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பாருங்கள். சிரிக்காமல், புருவத்தை உயர்த்தாமல், முகம் சும்மா இருக்கும்போது எந்தக் கோடுகள் தெரிகின்றன என்று கவனியுங்கள். அடுத்து நன்றாகச் சிரித்தும் நெற்றியைச் சுருக்கியும் பாருங்கள். கடைசியாக, சாதாரண மாய்ஸ்சரைசர் ஒன்றைத் தடவி, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

மாய்ஸ்சரைசர் பட்டதும் மங்கிப்போகும் கோடுகள் வறட்சியால் வந்தவை. சிரிக்கும்போது மட்டும் தெரிந்து பிறகு மறைபவை தசை அசைவால் வருபவை. முகம் சும்மா இருக்கும்போதும் நிற்கும் மெல்லிய கோடுகள், தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் குறைந்ததன் அடையாளம். பூச்சுகளால் நிஜமாகவே பலன் கிடைப்பது இவற்றுக்குத்தான். தளர்ந்து தொங்கும் கன்னம், மூக்கிலிருந்து வாயோரம் வரை இறங்கும் ஆழமான மடிப்பு போன்றவை வேறு கதை. தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பும் எலும்பும் வயதோடு மாறுவதால் வருபவை அவை. எந்த க்ரீமும் அவற்றை நிரப்பாது.

இந்தப் பிரிப்பை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வறட்சியால் வந்த கோட்டைப் பார்த்துப் பயந்து, கிடைத்ததிலேயே வீரியமான சீரத்தை வாங்கிப் பூசுகிறவர்கள் நிறையப் பேர். சீரம் தோலை இன்னும் உலர்த்துகிறது. கோடு அதிகமாகிறது. உடனே அதைவிட வீரியமான ஒன்றைத் தேடுகிறார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது நல்ல மாய்ஸ்சரைசர் மட்டும்தான்.

முதல் படி: சன்ஸ்கிரீன்

சுருக்கத்துக்கு எது நல்லது என்று யார் கேட்டாலும் என் முதல் பதில் சன்ஸ்கிரீன்தான். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன், இழுத்தால் திரும்பி வரும் தன்மையைத் தருவது எலாஸ்டின். புற ஊதாக் கதிர்கள் தோலில் சில நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. அந்த நொதிகள் கொலாஜனைத் துண்டாடுகின்றன. ஒரு பக்கம் இந்த இழப்பு தினமும் நடந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் கொலாஜனை வளர்க்கும் க்ரீம் பூசுவதில் என்ன பயன்?

வெயில் என்றால் சுட்டெரிக்கும் மதிய வெயில் மட்டும் இல்லை. தோலைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் யு.வி.பி என்ற வகைப் புற ஊதாக் கதிர். சுருக்கத்துக்கு அதிகம் பொறுப்பான யு.வி.ஏ அதைவிட ஆழமாக இறங்கும், மேகத்தையும் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த பாதி முகத்தில் தோல் தடித்து, ஆழமான சுருக்கங்கள் விழுந்திருந்தன. மறு பாதி பல ஆண்டுகள் இளமையாகத் தெரிந்தது. ஒரே ஆள், ஒரே வயது, ஒரே உணவு. வித்தியாசம் வெயில்தான்.

சன்ஸ்கிரீன் இதைத் தடுக்குமா? ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு உட்பட்ட சுமார் 900 பேரை நாலரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு பிரிவினர் தினமும் பூச வேண்டும், மற்றவர்கள் விருப்பம்போல் பூசலாம். புறங்கையில் சிலிகான் அச்சு எடுத்துத் தோலின் வரிகளை ஒப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களிடம் முதுமைக் குறிகள் 24 சதவீதம் குறைவாக இருந்தன. எந்தச் சீரத்துக்கும் இவ்வளவு நீண்ட, இவ்வளவு பேரை வைத்துச் செய்த சோதனை இருப்பது அபூர்வம்.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. எஸ்.பி.எஃப் என்ற வெயில் பாதுகாப்பு எண் 30 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 30 உள்ளது யு.வி.பியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 உள்ளது 98 சதவீதத்தை. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் நாம் எல்லோரும் தேவையைவிடக் குறைவாகத்தான் பூசுகிறோம் என்பதால் 50 எடுப்பது நல்லது. எஸ்.பி.எஃப் எண் யு.வி.ஏவைப் பற்றி அதிகம் சொல்லாது. அதற்கு 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற குறிப்போ, பி.ஏ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் மூன்று நான்கு கூட்டல் குறிகளோ, வட்டத்துக்குள் யு.வி.ஏ என்ற முத்திரையோ இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக ஒரு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும். மாநிறத் தோலில் துத்தநாக ஆக்ஸைடு வகைகள் வெள்ளையாகத் திட்டு விடும். அப்படியானால் நிறம் சேர்த்த வகையைப் பாருங்கள். அதில் இருக்கும் இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால் கரும்படலம் (மெலாஸ்மா) உள்ளவர்களுக்குக் கூடுதல் நன்மை. எது எப்படியோ, பிசுபிசுப்பு பிடிக்காமல் அலமாரியிலேயே இருந்துவிடும் சிறந்த சன்ஸ்கிரீனைவிட, தினமும் தயங்காமல் பூசிக்கொள்ளும் நடுத்தரச் சன்ஸ்கிரீன் மேல்.

இரண்டாம் படி: கழுவுவதும் ஈரம் காப்பதும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிப்பது போல் இருந்தால் அந்த ஃபேஸ்வாஷ் உங்களுக்கு ஒத்துவராது. வாசனை சேர்க்காத, மென்மையான ஒன்று போதும். கழுவிவிடும் பொருளில் இருக்கும் ரெட்டினாலுக்கும் வைட்டமின் சிக்கும் தோலில் தங்க நேரமே கிடைப்பதில்லை, அதற்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

மாய்ஸ்சரைசரில் கிளிசரின் அல்லது ஹயலூரானிக் அமிலம் நீரை இழுத்துப் பிடிக்கும். செராமைடு தோலின் மேலடுக்கைப் பழுதுபார்க்கும். பெட்ரோலாட்டம், டைமெத்திகோன் போன்றவை அந்த நீர் ஆவியாகாமல் மூடும். எண்ணெய்ப் பசையுள்ள முகத்துக்கு ஜெல் அல்லது லோஷன், வறண்ட முகத்துக்குக் கெட்டியான க்ரீம். முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவுங்கள். ஹயலூரானிக் சீரம் மெல்லிய கோடுகளைச் சில மணி நேரம் உப்பலாகக் காட்டும். அது உண்மையான பலன்தான், ஆனால் தற்காலிகமானது.

கண்ணுக்கென்று தனி க்ரீம் கட்டாயம் இல்லை. வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் கண்ணை எரிக்காமல் இருந்தால் அதையே கண்ணைச் சுற்றியும் தடவலாம்.

மூன்றாம் படி: ரெட்டினாய்டு

சுருக்கத்துக்கு நேரடியாக வேலை செய்யும் பூச்சு மருந்துகளில் ரெட்டினாய்டு குடும்பத்துக்கு இணையான சான்று வேறு எதற்கும் இல்லை. இவை வைட்டமின் ஏயின் உறவுகள். புதிய கொலாஜன் உருவாகத் தூண்டுகின்றன, இருப்பது சிதைவதைக் குறைக்கின்றன, மேல்தோல் செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தையும் சீராக்குகின்றன.

முதலில் வந்தது ட்ரெட்டினாயின். அமெரிக்காவில் 1971இல் முகப்பருவுக்காக அனுமதி பெற்றது. அதைப் பூசியவர்களின் தோல் மிருதுவாவதைக் கவனித்த ஆல்பர்ட் கிளிக்மேன் குழுவினர், வெயிலால் முதிர்ந்த தோலில் அது என்ன செய்கிறது என்று 1986இல் எழுதினார்கள். மெல்லிய சுருக்கங்களுக்கான க்ரீமாக 1995இல் அனுமதி கிடைத்தது.

இந்தக் குடும்பத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் வாங்குவது எளிது. தோலில் வேலை செய்வது ரெட்டினாயிக் அமிலம், அதாவது ட்ரெட்டினாயினே. மற்றவை தோலுக்குள் போய் அதுவாக மாற வேண்டும். ரெட்டினைல் பால்மிடேட் முதலில் ரெட்டினாலாகி, அது ரெட்டினால்டிஹைடாகி, அதற்குப் பிறகுதான் ரெட்டினாயிக் அமிலம். படிகள் கூடக்கூட வீரியமும் குறையும், எரிச்சலும் குறையும். ட்ரெட்டினாயினை மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டும். ரெட்டினாலும் ரெட்டினால்டிஹைடும் அழகுசாதனமாகவே கிடைக்கின்றன. ரெட்டினைல் பால்மிடேட்டை மட்டும் நம்பி விலை உயர்ந்த க்ரீம் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வயதாகிவிட்டது, இனிமேல் என்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சராசரியாக 87 வயதுள்ளவர்களின் மேல்கையின் உட்புறத்தில் 0.4 சதவீத ரெட்டினாலை வாரம் மூன்று முறை வரை 24 வாரங்கள் தடவினார்கள். மெல்லிய சுருக்கங்கள் குறைந்தன.

சதவீதம் எவ்வளவு? புதிதாக ஆரம்பிப்பவருக்கு ரெட்டினால் 0.1 முதல் 0.3 வரை தாராளம். ஐரோப்பிய ஒன்றியம் முகத்துக்கான பொருள்களில் ரெட்டினால் அளவுக்கு 0.3 சதவீதம் என்று வரம்பே வைத்திருக்கிறது. அதிக வீரியம் என்றால் அதிகப் பலன் என்ற நம்பிக்கை இந்த விஷயத்தில் பலரைக் காயப்படுத்துகிறது. ட்ரெட்டினாயின் 0.025 சதவீதத்தையும் 0.1 சதவீதத்தையும் 48 வாரங்கள் ஒப்பிட்ட 1995ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் இரண்டுக்கும் பலன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. 0.1 பூசியவர்களுக்கு எரிச்சல் மட்டும் கணிசமாக அதிகம்.

நம்மைப் போன்ற மாநிற, கருநிறத் தோலுக்கு இது இன்னும் முக்கியம். நிறமி அதிகம் உள்ள தோலில் சுருக்கங்கள் பொதுவாகத் தாமதமாகத்தான் வரும். ஆனால் எரிச்சல் ஏற்பட்ட இடம் கருத்துப்போய், அந்தத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். கோட்டைப் போக்கப் போய்க் கருந்திட்டை வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஆரம்பிக்கும் முறை இப்படி. இரவில் மட்டும், வாரத்துக்கு இரண்டு நாள். முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கண்ணோரம், மூக்கின் ஓரம், உதட்டோரம் ஆகிய இடங்களில் முதலில் சிறிது பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுங்கள், அங்கேதான் முதலில் வெடிக்கும். தோல் மெல்லியதாக இருந்தால் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ரெட்டினால், மறுபடி மாய்ஸ்சரைசர் என்று மூன்று அடுக்காகப் போடலாம். சில வாரங்கள் தொந்தரவில்லாமல் போனால் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் முடிந்தால் தினமும். லேசான உரிதலும் வறட்சியும் முதல் வாரங்களில் சகஜம். எரிச்சல், வீக்கம், தொட்டால் வலி என்றால் நிறுத்திவிட்டு, மாய்ஸ்சரைசர் மட்டும் போட்டுத் தோலை ஆறவிடுங்கள். வாக்ஸிங் செய்வதற்குச் சில நாள்கள் முன்பே ரெட்டினாய்டை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தோலும் சேர்ந்து பிய்ந்து வரும்.

கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயற்சி செய்பவர்களும் ரெட்டினாய்டு எதையும் பூச வேண்டாம். பாலூட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: கூடுதலாக ஒன்று வேண்டுமென்றால்

மேலே சொன்ன மூன்றும் பழக்கத்துக்கு வந்த பிறகுதான் இது. பலருக்கு இது தேவையே படாது.

காலையில் ஒன்று சேர்க்க விரும்பினால் வைட்டமின் சி என் தேர்வு. வெயிலால் உண்டாகும் சிதைவைக் குறைக்க சன்ஸ்கிரீனுக்குத் துணை நிற்கும், நிறத்தையும் சீராக்கும். எல்-அஸ்கார்பிக் அமிலம் 10 முதல் 20 சதவீதம், பி.ஹெச் 3.5க்குக் கீழே என்பதுதான் அதிகம் சோதிக்கப்பட்ட வடிவம். 20ஐத் தாண்டினால் தோல் கூடுதலாக உறிஞ்சுவதில்லை, எரிச்சல்தான் மிச்சம். வைட்டமின் ஈ, ஃபெரூலிக் அமிலம் ஆகியவற்றோடு சேர்ந்து வருவது இன்னும் நிலையாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் இது கெட்டுவிடும். இளமஞ்சளாக இருந்த சீரம் அடர் ஆரஞ்சோ பழுப்போ ஆகிவிட்டால் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

எதைப் பூசினாலும் சிவந்துபோகும் தோல் என்றால் நியாசினமைடு நல்லது. 5 சதவீதத்தில் 12 வாரங்கள் பூசியவர்களுக்கு மெல்லிய கோடுகள் ஓரளவு குறைந்ததாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 10 சதவீதம், 20 சதவீதம் என்றெல்லாம் தேட வேண்டியதில்லை.

கிளைகாலிக், லாக்டிக் அமிலங்கள் மேல்தோலின் இறந்த செல்களை நீக்கி முகத்தைத் தெளிவாகக் காட்டும். வாரத்துக்கு ஓரிரு இரவுகள் போதும். ரெட்டினாய்டு போடும் அதே இரவில் வேண்டாம்.

ரெட்டினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 'பாகுச்சியால்' (bakuchiol) என்ற பொருள் ஒரு வழி. கார்போகரிசியிலிருந்து எடுப்பது. 44 பேரை வைத்து 12 வாரங்கள் நடத்திய ஒப்பீட்டில் 0.5 சதவீத பாகுச்சியால் தினம் இரண்டு முறை, 0.5 சதவீத ரெட்டினாலுக்குச் சமமாகச் சுருக்கங்களைக் குறைத்தது. உரிதலும் குறைவு. ஆனால் ஒரு சிறிய ஆய்வை வைத்து இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. பெப்டைடுகள் என்ற சிறு புரதத் துண்டுகளும் இப்படித்தான். சிலவற்றுக்கு நம்பிக்கையூட்டும் முடிவுகள் உண்டு, ரெட்டினாய்டுக்கு மாற்றாக வைக்கும் அளவுக்கு இல்லை.

கொலாஜன் க்ரீமை மட்டும் விட்டுவிடுங்கள். கொலாஜன் மூலக்கூறு தோலைக் கடந்து போக முடியாத அளவுக்குப் பெரியது. மேலே படிந்து ஈரத்தைக் காக்கும். அந்த வேலையைச் சாதாரண மாய்ஸ்சரைசரே செய்யும்.

ஐந்தாம் படி: பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம், பின்பக்கத்தில் இருப்பதுதான் பொருள். சேர்மானங்களை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். 1 சதவீதத்துக்குக் கீழே இருப்பவற்றை எந்த வரிசையிலும் போடலாம். இந்த எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பீனாக்ஸியெத்தனால் என்ற பதப்படுத்தியை ஐரோப்பாவில் 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதி இல்லை, மற்ற இடங்களிலும் பெரும்பாலும் அதே அளவில்தான் சேர்க்கிறார்கள். அது வரும் இடத்துக்குப் பிறகு உள்ளவை பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு.

இதை வைத்து யோசித்துப் பாருங்கள். 5 சதவீத நியாசினமைடு என்று முன்னால் போட்டுவிட்டு, பட்டியலில் அது பீனாக்ஸியெத்தனாலுக்குப் பின்னால் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ரெட்டினால் அப்படி இல்லை. 0.3 சதவீதத்திலேயே வேலை செய்வதால் அது கடைசியில் இருப்பது இயல்புதான். அதனால் ரெட்டினாலுக்குச் சதவீதத்தை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்.

குப்பியும் முக்கியம். ரெட்டினாலும் வைட்டமின் சியும் காற்றுப் புகாத பம்பிலோ அலுமினிய டியூபிலோ ஒளி புகாத பாட்டிலிலோ வர வேண்டும். திறந்து திறந்து விரல் விடும் வாயகன்ற டப்பாவில் வருவதை வாங்காதீர்கள். திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று ஓர் எண் இருக்கும். திறந்த பிறகு அத்தனை மாதங்களுக்குத்தான் அது நன்றாக இருக்கும்.

'ஹைப்போஅலர்ஜெனிக்' என்ற முத்திரையை நம்பி மட்டும் முடிவெடுக்காதீர்கள். அமெரிக்காவிலேயே அதற்குச் சட்டபூர்வமான வரையறை கிடையாது. சேர்மானப் பட்டியலே இல்லாமல், ஒரே வாரத்தில் முகம் பளிச்சிடும் என்று சொல்லி விற்கும் க்ரீம்களை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. ஸ்டீராய்டு தொடர்ந்து பட்டால் தோல் மெலியும். பாதரசம் சிறுநீரகத்தையே பாதிக்கும்.

ஆறாம் படி: ஒவ்வொன்றாக, பொறுமையாக

புதிய பொருளை முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சிறிய இடத்தில் தினம் இருமுறை, ஏழு முதல் பத்து நாள்கள் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். ரெட்டினாய்டாலும் அமிலங்களாலும் சோதிக்கும் இடத்தில் லேசான சிவப்பு வருவதுண்டு, அது கடுமையாக இருந்தால்தான் விட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருள்களை ஆரம்பிக்காதீர்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதமாவது இடைவெளி விடுங்கள்.

வரிசை எளிது. காலையில் கழுவி, வைட்டமின் சி இருந்தால் அது, மாய்ஸ்சரைசர், கடைசியாகச் சன்ஸ்கிரீன். இரவில் கழுவி, ரெட்டினால், மாய்ஸ்சரைசர். கழுத்தையும் புறங்கையையும் மறந்துவிடாதீர்கள், அவையும் முகத்தைப் போலவே வெயில் பட்டவை. கழுத்துத் தோல் சீக்கிரம் எரிவதால் அங்கே ரெட்டினாலை இன்னும் மெதுவாக ஆரம்பியுங்கள்.

மாய்ஸ்சரைசரின் பலன் அன்றே தெரியும். வைட்டமின் சிக்கும் நியாசினமைடுக்கும் மூன்று மாதம் கொடுங்கள். ரெட்டினாய்டுக்கு மூன்று முதல் ஆறு மாதம், அதற்கு மேலும் மெதுவாக மேம்பட்டுக்கொண்டே போகும். தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. ஆரம்பித்த நாளில் ஒரு படம், பிறகு மாதம் ஒன்று. ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே முகபாவம். ஆறு மாதம் கழித்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வீரியத்தைக் கூட்டலாமா, இதே போதுமா என்று முடிவெடுங்கள். இடையில் புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுவது எந்தக் க்ரீமையும்விடப் பெரிய உதவி. புகை கொலாஜனை நேரடியாகச் சிதைக்கிறது.

எப்போது மருத்துவரிடம் போகலாம்

ஆறு மாதம் ஒழுங்காகப் பூசியும் திருப்தி இல்லையென்றால், அல்லது எதைப் பூசினாலும் எரிகிறதென்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். எக்ஸிமா, ரோசேசியா, பரவலான கரும்படலம் இருப்பவர்கள் முதலிலேயே போய்விடுவது நல்லது. புருவங்களுக்கு நடுவில் விழும் கோடு போன்ற தசை அசைவுக் கோடுகளுக்கு போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசி வேலை செய்யும், மூன்று நான்கு மாதங்களில் அதன் விளைவு குறைந்துவிடும். ஆழமான பள்ளங்களுக்கு ஃபில்லர் என்ற நிரப்பும் ஊசி, வெயில் பட்டு முதிர்ந்த தோலுக்கு லேசர் என்று வேறு வழிகளும் உண்டு. லேசர் என்றால், உங்கள் நிறத்துத் தோலில் அதைச் செய்த அனுபவம் அவருக்கு எவ்வளவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தவறான அளவில் கொடுத்தால் கருந்திட்டு விழும். போகும்போது இதுவரை பூசிய எல்லாவற்றையும், உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயர்களையும், மாதாமாதம் எடுத்த அந்தப் படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். எதை விட்டுவிட்டு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவரால் உடனே சொல்ல முடியும்.